உங்கள் கட்டுரையை எழுதியது உங்கள் அப்பாவா?

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு முதுகலை மாணவி மடிக்கணினியைத் திறந்து வைத்து, ஆய்விதழ் ஒன்றின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா என்று அவர்தான் என்னை வரச்சொல்லியிருந்தார். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் அப்பா பெயரைத் தட்டி முடித்திருந்தார். 2009-ல் நானும் அதே கட்டத்தில் அதையேதான் செய்தேன்.

கோலாலம்பூரில் விரிவுரையாளர்களும் மாணவர்களும் ஆய்வேட்டைக் கட்டுரையாக்க, நூலாக்கக் கைகொடுப்பது என் பிழைப்பு. எழுத்துப்பிழை, விடுபட்ட மேற்கோள், ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது, இதையெல்லாம் உங்கள் மேற்பார்வையாளரே சொல்லியிருப்பார். அவர் சொல்ல மறக்கிற தவறுகளை நான் எழுதுகிறேன்.

குடும்பப் பெயர் என்ற கட்டம்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மைகார்டில், அதாவது மலேசிய அடையாள அட்டையில், நம் பெயர் இருக்கும், அடுத்து ஏ/எல் அல்லது ஏ/பி, அப்புறம் அப்பா பெயர். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம் அது, பெயரில் சேர்த்தியே இல்லை. ஆய்விதழ்களின் இணையப் படிவத்துக்கோ ஒரு மனிதன் என்றால் இரண்டு கட்டம்தான்: முன்னே சொந்தப் பெயர், பின்னே குடும்பப் பெயர். பின் கட்டத்தை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. நாமும் மைகார்டைப் பார்த்து, கடைசியில் இருப்பதைக் கடைசிக் கட்டத்தில் போட்டுவிடுகிறோம்.

என் முதல் கட்டுரைக்கு நான் அதற்கு மேலும் ஒரு படி போனேன். சாய்கோட்டைப் படிவம் ஏற்கவில்லை, எனவே நடுப்பெயர் என்ற இடத்தில் 'ஏ எல்' என்று அடித்தேன். கட்டுரை வந்தபோது அப்பாவின் பெயர் முழுதாக முதலில் நின்றது. அதன் பின்னால் என் முதலெழுத்து, அதன் பின்னால் ஏ.எல். என்று இரண்டு அநாதை எழுத்துகள். அப்பா சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். அச்செடுத்த தாளைக் கையில் வாங்கி, தன் பெயரை இரண்டு முறை படித்துவிட்டு, "நல்லாத்தான போட்டிருக்கான்" என்றார். அவர்வரை அது பிழையே இல்லை. அந்தக் கட்டுரையைப் பிறகு மேற்கோள் காட்டிய எல்லாரும் அப்பாவைத்தான் மேற்கோள் காட்டினார்கள்.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இரண்டாவது கட்டுரையில் சுதாரித்து என் பெயரை முன்வைத்தேன். மூன்றாவதில் இதழாசிரியர் அவராகவே ஒரு வடிவம் கொடுத்தார். ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் ஆசிரியர்வாரியாகத் தொகுக்கிற ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் நான் மூன்று ஆளாகிவிட்டேன்.

இதன் நட்டத்தைக் கணக்காகவே சொல்கிறேன். ஒருவருக்கு ஆறு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு மேற்கோள் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஹெச்-குறியீடு 6, அதாவது ஆறு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஆறு. அதே ஆறும் மூன்று பெயர்களில் இரண்டிரண்டாகச் சிதறினால் ஒவ்வொருவருக்கும் குறியீடு 2. உழைப்பில் ஒன்றும் குறையவில்லை, பதவி உயர்வுப் படிவத்தில் மட்டும் ஆள் இளைத்துப்போகிறார். என்னிடம் வந்த ஒரு விரிவுரையாளரின் கதை இன்னும் மோசம். தமிழ் மொழியியல் கற்பிக்கிற அம்மா அவர். குடும்பப் பெயர்க் கட்டத்தில் சுப்ரமணியம். உலகத்தில் அந்த முதலெழுத்தோடு எத்தனை சுப்ரமணியங்கள்! அவருடைய பக்கத்தில் பல் மருத்துவக் கட்டுரை இரண்டு வந்து உட்கார்ந்திருந்தன, அவருடையவை நான்கைக் காணோம். விண்ணப்பம் முடிய ஐந்து நாள்தான் இருக்கிறது என்று வந்து நின்றார். பிரிந்த பக்கங்களை ஒன்றாக்கச் சொல்லி ஸ்கோபஸுக்கு ஆசிரியரே இலவசமாகக் கேட்கலாம், ஆனால் நம் தேதிக்குள் முடியும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். ஏற்கெனவே வெளிவந்த கட்டுரையில் பெயரைத் திருத்துவது அந்தந்த இதழின் தயவு.

1966-ல் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிய ஊர் இது. அதற்கு முன்நின்ற தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில்தான் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கினார். அவர் பெயரையே ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் ஒரே சொல், இன்னோரிடத்தில் பிரித்து இரண்டு சொல். அவரைத் தேடிக் கண்டுபிடிக்க ஆள் இருக்கிறது. நம்மை யார் தேடுவார்கள்?

நான் சொல்லும் வழி இது. முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். ஏ/எல், ஏ/பி இரண்டையும் அடியோடு விடுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் உங்கள் பெயர், முதல் கட்டத்தில் அப்பா பெயர். கவிதா எழுதியது கவிதா என்றே மேற்கோளில் வரும். இரண்டையும் இடைக்கோடு போட்டு ஒரே பெயராக்குகிறவர்களும் உண்டு, அதுவும் சரி, கடைசிவரை அப்படியே இருந்தால். முடிவு செய்த அன்றே ஆர்கிட் என்கிற ஆய்வாளர் அடையாள எண்ணை எடுத்துவிடுங்கள். பதினாறு இலக்கம், காசு இல்லை, பெயர் எப்படிச் சிதைந்தாலும் எண் உங்களோடு வரும். 2012-ல் வந்த ஏற்பாடு அது, எனக்குத்தான் பிந்திவிட்டது. மாநாட்டுக்கு விசா கடிதம் கேட்கும்போது மட்டும் கடப்பிதழில் இருக்கிற பெயரைத் தனியே எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அங்கே வேறு வம்பு.

மேற்பார்வையாளரின் பெயர்

அவர் பெயரைக் கட்டுரையில் எப்படிப் போடுவது என்று ஊகிக்காதீர்கள். அவரையே கேளுங்கள்.

கடவுச்சொல்லை எங்களிடம் கொடுப்பது

என் தொழிலுக்கு எதிராக நானே எழுதுகிறேன். மொழி திருத்த, பக்கம் அமைக்க, இதழின் வடிவத்துக்கு மாற்ற எங்களைப் போன்றவர்களிடம் வரலாம். கட்டுரையைச் சமர்ப்பிப்பதை மட்டும் நீங்களே செய்யுங்கள். தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் என்ற இடத்தில் முகவர் தன் முகவரியைப் போட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். திருத்தி அனுப்பச் சொன்ன கடிதம் அவருக்குப் போயிருக்கிறது, அவர் தொலைபேசியை எடுக்கவில்லை, கெடு தாண்டிவிட்டது. மாணவருக்கு அந்தக் கடிதம் வந்ததே தெரியாது. இத்தனை வெள்ளி கொடுத்தால் ஸ்கோபஸில் வரும் என்று யாராவது உத்தரவாதம் தந்தால் தே தாரிக்கைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

முத்திரையை நம்புவது

இதழின் பக்கத்தில் ஸ்கோபஸ் சின்னம் இருப்பது ஒரு படம், அவ்வளவுதான். ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் அந்த இதழை ஐஎஸ்எஸ்என் என்கிற இதழ் அடையாள எண்ணைப் போட்டுத் தேடுங்கள். எந்த ஆண்டுவரை சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள், பாதியில் நீக்கப்பட்ட இதழ்கள் பழைய சின்னத்தோடு கடை நடத்துகின்றன. அப்புறம் இணைய முகவரி. நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடிப் போலிப் பக்கம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

டர்னிட்டினில் அடிக்கடி போட்டுப் பார்ப்பது

பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டுகிற மென்பொருள் அது. வரைவைச் சேமிக்காத அமைப்பில்தான் போட வேண்டும். சேமித்துவிட்டால் அடுத்த முறை உங்கள் கட்டுரை உங்கள் கட்டுரையோடேயே ஒத்துப்போகும்.

ழகரம்

தமிழ் நூல்களை ரோமன் எழுத்தில் அடைவாக்கும்போது சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி முறையில் ழகரம் என்றால் அடிக்கோடிட்ட எல், ளகரம் என்றால் அடிப்புள்ளி வைத்த எல். மாணவர்கள் பாதிக்கு இதைப் பின்பற்றி, பாதிக்குப் பேச்சு வழக்கில் இசட்-ஹெச் போடுகிறார்கள். ஒரே அறிஞர் அடைவில் இரண்டு இடத்தில் இரண்டு ஆளாக நிற்பார். முன்பு சொன்ன அதே நோய்தான், இந்த முறை அடுத்தவருக்கு நாம் செய்வது. எந்த முறை என்றாலும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள்.

ஐஎஸ்பிஎன்னுக்குக் காசு கொடுப்பது

நூலுக்கான இந்த அடையாள எண்ணை ஜாலான் துன் ரசாக்கில் இருக்கிற தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. நூல் அச்சானதும் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து படிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். அச்சகத்தில் எண்ணிக்கை சொல்லும்போதே அந்த ஐந்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.