குமரி மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளை முதல் தடவை பாறை ஏற்றுவது எப்படி

பாறையேற்றம் என்று பேச்செடுத்ததும் ஆசிரியர் அறையில் முதலில் அடிபடும் பெயர் மருந்துவாழ் மலை. அங்கே உச்சிவரை நடந்து ஏறி இறங்குவது நல்ல அனுபவம்தான். ஆனால் கயிறு கட்டிப் பாறை ஏறுவது வேறு வேலை, அதற்கு மலையே வேண்டாம். எட்டு முதல் பத்து மீட்டர் உயரத்தில், கொஞ்சம் சாய்ந்து நிற்கிற ஒற்றைப் பாறை போதும். பின்பக்கமாக நடந்தே அதன் தலைக்குப் போக வழி இருக்க வேண்டும். அடியில் சமதரையும், வண்டி நிற்கும் இடத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் நடையும் இருந்தால் நல்லது. புதிதாக ஏறுகிற பிள்ளைக்கு ஐந்து மீட்டரிலேயே கால் நடுங்கும். முப்பது மீட்டர் உயரம் புகைப்படத்துக்குத்தான் உதவும்.

சிதறால் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அங்கே கயிறு, கொக்கி என்ற பேச்சே கூடாது. கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போவதானால் வனத்துறை அனுமதி வேண்டும். முட்டம் கடற்கரைப் பாறைகளில் பாசி வழுக்கும், அலை சொல்லிக்கொண்டு வராது. இவை எல்லாவற்றையும்விடக் கைவிட்ட கல்குவாரிதான் ஆளை ஏமாற்றும். செங்குத்தாக, உயரமாக, ஆள் நடமாட்டம் இல்லாமல் இருக்கும். ஆனால் வெடி வைத்த அதிர்ச்சியில் உள்ளே விரிசல் ஓடியிருக்கும், கை வைத்த கல் கையோடு வரும், அடியில் ஆழம் தெரியாத தண்ணீர் வேறு. பட்டா நிலத்துப் பாறையானால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பாறையை முந்தின வாரமே போய்ப் பாருங்கள். நம் ஊர்க் கருங்கல் கெட்டியானது, ஆனால் வெயிலிலும் மழையிலும் மேற்பரப்பு தகடு தகடாக உரியும். உள்ளங்கையால் தட்டினால் கெட்டிப் பாறை சத்தமே போடாது. உரிந்து நிற்கும் தகடு பொள்ளலாக ஒலிக்கும். அந்த இடத்தில் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டு, ஏறும் வழியைத் தள்ளி வையுங்கள். பிறகு அண்ணாந்து, நிழல் விழும் பொடவுகளில் மலைத்தேன் கூடு தொங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் பாறையை மாற்றிவிடுங்கள். ‘சத்தம் போடாமல் ஏறலாம்’ என்ற சமாதானம் பிள்ளைகள் கூட்டத்திடம் செல்லாது.

இங்கே இரண்டு பருவமழையும் பெய்வதால் ஜனவரி முதல் மார்ச் பாதி வரைதான் நம்பகமான காலம். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் போகவே வேண்டாம். முப்பந்தலில் காற்றாலை சுற்றும் அதே காற்றில், மேலே இருக்கும் பிள்ளை கத்துவது கீழே கயிறு பிடிப்பவருக்குக் கேட்காது.

பயிற்றுநரிடம் சான்றிதழ் கேட்பதில் கூச்சம் வேண்டாம். டார்ஜிலிங், உத்தரகாசி போன்ற மலையேற்ற நிறுவனங்களில் அடிப்படைப் பயிற்சி முடித்தவர், தாம் ஏறுவதற்கு மட்டுமே கற்றவர். பிறருக்குக் கற்றுத்தரும் பயிற்சி தனி. அதை முடித்த ஒருவராவது இருக்க வேண்டும். ஒரு கயிற்றுக்கு ஒரு பெரியவர், அதுபோக மேலே ஒருவர், கீழே வரிசையைப் பார்க்க இரண்டு ஆசிரியர். முடிச்சு போட்டு, சரிபார்த்து, ஏறி இறங்க ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகும். மூன்று கயிற்றில் மணிக்குப் பதினெட்டுப் பேர். ஆகவே ஒரு காலைக்கு 24 பேர், ஆளுக்கு இரண்டு முறை. வகுப்பு முழுவதையும் ஒரே நாளில் ஏற்றப் பார்த்தால் அவசரத்தில் விட்டுப்போவது சரிபார்ப்புதான்.

மேலே கயிறு தொங்கும் ஆங்கர், அதாவது கயிற்றைத் தாங்கும் பிணைப்பு, ஒன்றுக்கொன்று சார்பில்லாத இரண்டு பிடிகளிலாவது நிற்க வேண்டும். மரமானால் மண்ணில் வேரோடிய, தொடைப் பருமனுக்குக் குறையாத உயிர்மரம் வேண்டும். காற்றுக்கே முறியும் ரப்பர் மரமும் முருங்கையும் கணக்கில் சேராது. இரண்டு பிடியிலிருந்தும் வரும் ஸ்லிங்குகளுக்கு (வளையமாகத் தைத்த நாடா) இடையிலான கோணம் 60 பாகைக்குள் இருந்தால் ஒவ்வொன்றும் பாரத்தில் 58 சதவீதம்தான் தாங்கும். 120 பாகைக்கு விரித்தால் ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கும். கயிறு ஓடும் இடத்தில் பூட்டுள்ள காராபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) இரண்டை, வாய் எதிரெதிராக வைத்து மாட்டுங்கள். அவை பாறை விளிம்பைத் தாண்டித் தொங்க வேண்டும். ஸ்லிங் உரசும் விளிம்பில் சாக்கை நாலாக மடித்துக் கட்டிவையுங்கள்.

ஹார்னஸ் என்பது ஏறுகிறவர் இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை. அதன் இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டு விரல் நுழையலாம், கை முழுதும் நுழையக் கூடாது. இடுப்பே இல்லாத ஒல்லிப் பிள்ளைக்கு முழுவுடல் ஹார்னஸ்தான். கயிற்றை 8 வடிவில் வரும் எட்டு முடிச்சால் நேராக ஹார்னஸிலேயே கட்டுங்கள். வால் ஒரு சாண் மிஞ்சட்டும். வளையல், மோதிரம், கொலுசு எல்லாம் பையில். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையைத் தொட்ட கை பாறையில் நிற்காது. சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். ஹெல்மெட் ஏறுகிறவருக்கு மட்டுமல்ல, அடியில் நிற்கிற எல்லோருக்கும். கல் விழுவது அவர்கள் தலையில்தான்.

பிள்ளைகள் செய்யும் முதல் தப்பு, பாறையைக் கட்டிப்பிடிப்பது. வயிறு பாறையில் ஒட்டினால் உடல்பாரம் காலை விட்டு விலகி, பாதம் வழுக்கும். குதிகாலைத் தாழ்த்தி, இடுப்பை வெளியே தள்ளி, காலால் தள்ளி ஏறச் சொல்லுங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் கையைக் கட்டிக்கொண்டு குறுக்கே நடக்கவைத்தால் பத்து நிமிடத்தில் பிடிபடும்.

கயிறு பிடிப்பவர் முதல் மூன்று மீட்டருக்குக் கயிற்றை இறுக்கமாகவே வைக்க வேண்டும். பத்து மீட்டர் பாறையில் அவருக்கும் ஏறுகிறவருக்கும் இடையே, ஆங்கர்வரை மேலே போய்த் திரும்பி ஓடுவது இருபது மீட்டர் கயிறு. நீண்டு கொடுக்கும் ஏற்றக் கயிறு பாரம் விழுந்தால் ஒரு மீட்டர் வரை நீளும். தொய்வு சேர்ந்தால் பிள்ளை தரையைத் தொட்டுவிடும். ‘கயிறு’ என்றால் இழு, ‘தளர்’ என்றால் கொஞ்சம் கயிறு கொடு, ‘இறக்கு’ என்றால் இறக்கு. இந்த மூன்றையும் கயிறு பிடிப்பவரின் பேரைச் சேர்த்துச் சொல்லவேண்டும்: ‘செல்வி, இறக்கு!’ பக்கத்துக் கயிற்றுக்காரர் தனக்கென்று எடுத்துக்கொள்வது இப்படித்தான் தவிரும்.

பாதியில் பயந்து நிற்கிற பிள்ளையை ‘இன்னும் ரெண்டடிதான்’ என்று உசுப்பாதீர்கள். கயிற்றில் உட்காரவைத்து, மூச்சு விடவைத்து, ஒரு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். ஹார்னஸில் அசையாமல் நெடுநேரம் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும்.

காலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்துமணிக்குள் முடித்துவிடலாம். அதற்குமேல் கருங்கல் கை வைக்க முடியாதபடி சுடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு கட்டு ஓ.ஆர்.எஸ்., வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு பற்றிப் பெற்றோர் எழுதிக் கொடுத்த தாள் எல்லாம் வேண்டும். இன்ஹேலர் பிள்ளையின் பையில் அல்ல, ஆசிரியர் கையில் இருக்கட்டும். 108-ஐ அழைக்கும்போது சொல்ல வேண்டிய வழி அடையாளத்தை முந்தின நாளே தாளில் எழுதிவையுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்பதையும் ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல்காற்று பட்ட கயிற்றையும் காராபினர்களையும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். உப்பு ஏறிய காராபினரின் பூட்டுதான் முதலில் இறுகும். கயிற்றைச் சுருட்டும்போது விரலால் நீவிக்கொண்டே வாருங்கள். எங்காவது தட்டையாகவோ பஞ்சுபோலவோ தட்டுப்பட்டால் அந்தக் கயிறு இனி மூட்டை கட்டத்தான்.