குழந்தை நட்சத்திரமாக இருந்தவர் குடியிலிருந்து மீளும்போது வீட்டார் செய்ய வேண்டியவை

எட்டு வயதில் தொலைக்காட்சித் தொடரில் நடித்து, சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் காய்கறிக்கடைக்காரர்கூடக் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகும் அளவுக்கு முகம் தெரிந்திருந்த பிள்ளை, முப்பதைக் கடந்தபின் குடியால் வேலையையும் மண வாழ்க்கையையும் இழந்து, பெற்றோரின் அடுக்குமாடி வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குடிநோய்க்கு மற்றவர்களுக்கு உள்ள மருத்துவமே அவருக்கும் உண்டு. ஆனால் அவரை எப்படி அழைப்பது, யாரிடம் பேசவிடுவது, பழைய பணத்தைப் பற்றி என்ன சொல்வது என்பவை அந்த வீட்டுக்கு மட்டுமே உரிய சிக்கல்கள்.

முதலில் உடலைக் கவனியுங்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆகியவை தோன்றும். சிலருக்கு முதல் இரண்டு மூன்று நாள்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே கோயிலில் சத்தியம் வாங்கிக்கொண்டு அறைக்குள் பூட்டிவைப்பது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு. மனநலக் கழகத்தில் போதைப் பழக்கங்களுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. 6732 6837 என்ற எண்ணில் வீட்டாரும் அழைத்து ஆலோசனை கேட்கலாம். வலிப்பு வந்தால் ஆம்புலன்ஸுக்கு 995. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால், எந்த நேரமானாலும் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767.

மதுவோடு போதைப்பொருளும் சேர்ந்திருந்தால் நிலைமை வேறு. போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று கருதும் நோயாளியைப் பற்றி மருத்துவர் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது இங்குள்ள விதி. மருத்துவரிடம் கிளம்பும் முன்பே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் பெற்றோரே காட்டிக்கொடுத்ததாக நினைப்பார், அந்தக் கசப்பு எளிதில் ஆறாது.

அடுத்தது பெயர். திருமண வீட்டில் உறவினர் ஒருவர் கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லி அழைத்து, "அந்த வசனத்தைக் கொஞ்சம் சொல்லிக் காட்டுப்பா" என்பார். அவருக்கு அது அன்பு. கேட்பவருக்கோ, எட்டு வயதுக்குப் பிறகு தான் வாழ்ந்ததெல்லாம் கணக்கில் வரவில்லை என்று காதில் விழும். அமெரிக்கத் தொடர் ஒன்றில் நடித்து உலகப் புகழ் பெற்ற கேரி கோல்மன், 1998இல் கலிபோர்னியாவில் பாதுகாவலராக வேலை பார்த்துவந்தார். கையெழுத்துக் கேட்ட ரசிகை ஒருவருடன் அப்போது ஏற்பட்ட தகராறு நீதிமன்றம்வரை போனது. அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று சிரித்தவர்களை நான் அறிவேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் வீட்டில் முன்கூட்டியே பேசி, வெளியிடத்தில் யாராவது அடையாளம் கண்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும்: "ஆமாம் ஆண்ட்டி, நான்தான், இப்போது கொஞ்சம் அவசரம்." உறவினர்களிடம் கதாபாத்திரப் பெயரைத் தவிர்க்கச் சொல்லும் வேலையை அவர் தலையில் போடாமல் நீங்கள் செய்யுங்கள். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் உள்ள விருதையும் படங்களையும் கேட்காமல் எடுத்து ஒளிக்கவும் வேண்டாம். அது வெட்கப்படுவதாகப் பொருள்படும். எது இருக்கட்டும், எது போகட்டும் என்று அவரையே கேளுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசுவது கடினம். ஆனாலும் பேசியாக வேண்டும். 1921இல் சாப்ளினுடன் நடித்துப் புகழ்பெற்ற ஜாக்கி கூகன், வளர்ந்தபின் தன் சம்பாத்தியம் கரைந்துபோனதை அறிந்து தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் 1938இல் வழக்குத் தொடுத்தார். கிடைத்தது ஏறத்தாழ 1,26,000 டாலர். ஈட்டியதோ பல லட்சங்கள். அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியா, குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. கோல்மனும் பெற்றோர்மீது வழக்காடி, 1993இல் ஏறத்தாழ 12.8 லட்சம் டாலருக்குத் தீர்ப்புப் பெற்றார். நம் ஊர்த் தமிழ்த் தொடர்களின் சம்பளம் அந்த அளவுக்கெல்லாம் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது நீங்கள். பள்ளி விடுமுறையைப் படப்பிடிப்பில் கழித்தது பிள்ளை. அந்தத் தொகை துணைப்பாட வகுப்புக்கோ வீட்டுத் தவணைக்கோ போயிருந்தால், அதைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். "உனக்காகத்தானே செலவழித்தோம்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அன்றாட வாழ்வுக்கு ஒழுங்கு வேண்டும். இங்கு இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை கடைகளில் மது வாங்கிச் செல்ல முடியாது என்பதால், குடிப்பவர் பத்து மணிக்கு முன்பே ஏதோ காரணம் சொல்லிக் கீழே இறங்குவார். அந்த நேரத்தில் இரவு உணவையோ நடையையோ சேர்ந்து வைத்துக்கொண்டால், விசாரணை தேவைப்படாது. வேலை என்று வரும்போது, யாரும் கைதட்டாத வேலையே முதல் ஆண்டுக்கு நல்லது. பழைய நடிகர்கள் மீண்டும் கூடும் நிகழ்ச்சிக்கோ "மீண்டு வந்த கதை" நேர்காணலுக்கோ அழைப்பு வந்தால், ஓராண்டாவது தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஊரறிய நலமடைந்தவர் சறுக்கினால், சறுக்கலும் ஊரறியத்தான் நடக்கும். கோல்மனுடன் நடித்த டாட் பிரிட்ஜஸ் கொக்கெயின் பழக்கத்திலிருந்து விடுபட்டது 1990களின் தொடக்கத்தில். இன்னொரு தொடரில் அவர் மீண்டும் பரவலாகக் கவனிக்கப்பட்டது 2005க்குப் பிறகுதான்.

சறுக்கல் வரலாம், குடிநோயில் அது அரிதன்று. வந்தால் மறுநாள் காலை மருத்துவருடனான சந்திப்பை முன்னதாக்குங்கள், மாமாவையும் சித்தப்பாவையும் அழைத்துப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். உங்களுக்கும் பேச ஆள் தேவைப்படும். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவையோ வட்டாரக் குடும்ப சேவை நிலையத்தையோ அவரைச் சேர்க்காமல் நீங்களே அணுகலாம்.

பிறகு ஒருநாள், அவருடைய தங்கை மகளைத் தொடரில் நடிக்க வைக்கக் கேட்டு யாரேனும் வரக்கூடும். ஒப்பந்தத்தை முதலில் அவரிடம் கொடுங்கள். படப்பிடிப்பு எத்தனை மணிக்கு முடியும், தேர்வு வாரத்தில் என்ன செய்வார்கள், பணம் யார் பெயரில் போகும் என்று கேட்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.