பழைய தமிழ் பிடிஎஃப் கோப்பிலிருந்து எழுத்துகளை மீட்பது எப்படி?

பெங்களூருவில் அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளின் தமிழ் மன்றங்களுக்காகப் பழைய ஆண்டுமலர்களை மீண்டும் பதிப்பிக்க முனைவோர், முதலில் நாடுவது பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்றித்தரும் இலவச இணையதளங்களைத்தான். கன்னடமும் ஆங்கிலமும் தமிழும் கலந்த மலரை அவற்றில் ஏற்றினால், ஆங்கிலம் ஒழுங்காக வந்துவிடும். தமிழ் மட்டும் சிதைந்து வரும். தளத்தை மாற்றி மாற்றி முயல்வதால் பயனில்லை. கோப்பு எந்த வகை என்பதை முதலில் அறிய வேண்டும்.

அதற்குக் கோப்பிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து, வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது வெறும் படம். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. 'பெங்களூரு' என்பது 'ெபங்களூரு' என்று வந்தால், கோப்பு, இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் உருவானதுதான். ஆனால் ஒற்றைக்கொம்பு (ெ), கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி மெய்யெழுத்துக்கு முன்னால் வந்துவிட்டது. யூனிகோடு முறையில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னரே சேமிக்கப்பட வேண்டும்.

பாமினி வகைக்கு, பழைய எழுத்துருவில் உள்ளதை யூனிகோடாக்கும் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற குறியாக்க மாற்றி போதும். ஆனால் மூல எழுத்துருவைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். உரைக்குள் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்கள், மின்னஞ்சல் முகவரிகள் எல்லாவற்றையும் முன்பே தனியே எடுத்துவைக்க வேண்டும். இல்லையேல் அவையும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். எது எங்கே இருந்தது என்று பின்னர் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

மற்ற இரு வகைகளுக்கும், படத்தில் உள்ள எழுத்துகளை அடையாளம் காணும் எழுத்துணரி (ஓசிஆர்) முறையே சிறந்தது. கணினியில் கூகுள் டிரைவில் கோப்பை ஏற்றி, வலப்பக்கச் சொடுக்கின் வழியே கூகுள் டாக்ஸில் திறந்தால், படத்திலுள்ள தமிழ் திருத்தத்தக்க எழுத்தாகிவிடும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும், எழுத்து 10 பிக்சல் உயரமாவது இருக்க வேண்டும், பக்கம் நேராக இருக்க வேண்டும் என்பவை கூகுளின் பரிந்துரைகள். ஆகவே மலரைச் சில பக்கங்களாகப் பிரித்து ஏற்றுங்கள். அட்டவணைகளும் பத்திகளும் கலைந்துபோகலாம் என்பதால், இரண்டு பத்திகள் கொண்ட பக்கத்தை நடுவில் வெட்டித் தனித்தனியே ஏற்றுவதே நல்லது. மெய்ப்புப் பார்க்கையில் துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வந்துள்ளனவா என்பதை முதலில் கவனியுங்கள். ஆட்பெயர்களையும் நன்கொடைத் தொகைகளையும் மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

உறுப்பினர் முகவரிகளும் தொலைபேசி எண்களும் உள்ள பக்கங்களை, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத தளங்களில் ஏற்றவே கூடாது. நம்மை நம்பிக் கொடுத்தவர்களின் விவரங்கள் அவை. டெசராக்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் இணையமின்றியே தமிழைப் படிக்கும். அதைக் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கப் பழக்கமில்லாதவர்கள், அதையே சாளர வடிவில் தரும் ஜிஇமேஜ்ரீடரை நிறுவி, மொழிப்பட்டியலில் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம்.