பக் நாயின் குறட்டையை ரசிக்காதீர்கள்: செல்லத்தால் நேரும் தவறுகள்

பக் வளர்க்கும் வீட்டுக்கு யாராவது வந்தால், முதலில் காட்டுவது அது குறட்டை விடும் வீடியோவாகத்தான் இருக்கும். "எங்க தாத்தாவையே தோற்கடிச்சிடும்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். பக் விஷயத்தில் முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சத்தம் காற்று சிரமப்பட்டு உள்ளே போகிற சத்தம். பக்கிடம் நாம் அழகு என்று ரசிப்பதில் பாதி, அதன் உடம்பு படும் பாடு. இதைப் புரிந்துகொண்டால் மற்ற தவறுகளை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

2003-ல் வந்த ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்துக்கு அப்புறம்தான் இந்த இனம் நம் ஊர்த் தெருக்களுக்குள் வந்தது. இன்றைக்கும் பலருக்கு இது 'ஹட்ச் நாய்'தான். விளம்பரத்தில் அந்தச் சிறுவன் பின்னாடியே ஊரெல்லாம் ஓடிய நாயைப் பார்த்துவிட்டு, பக் என்றால் எங்கேயும் கூட்டிப் போகலாம், எந்தத் தொந்தரவும் இல்லாத நாய் என்று நினைத்துக்கொண்டோம். உண்மையில் சென்னை, மதுரை, திருச்சி வெயிலுக்கு இதைவிடப் பொருந்தாத நாய்கள் மிகக் குறைவு.

மூச்சு

முகம் சப்பையாக இருக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததில் எலும்பு குட்டையாகிவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் தசை அந்த அளவுக்குக் குறையவில்லை. மெல்லண்ணம், அதாவது வாயின் மேல்பக்கம் பின்னால் இருக்கும் மெத்தென்ற சதை, நீளமாகத் தொங்கி மூச்சுக்குழாயின் வாயை மறைக்கிறது. மூக்குத் துவாரம் வட்டமாக இல்லாமல் ஒரு கீறல் போல இருக்கிறது. டாக்டர் சீட்டில் பி.ஓ.ஏ.எஸ். (BOAS) என்று எழுதியிருந்தால் இந்த மூச்சுப்பாதை அடைப்பைத்தான் குறிக்கிறது. பிரிட்டனின் ராயல் வெட்டரினரி காலேஜ் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், மற்ற நாய்களைவிட பக்குகளுக்கு இந்த நோய் கண்டறியப்படும் வாய்ப்பு சுமார் 54 மடங்கு அதிகம் என்று தெரியவந்தது.

தூங்கும்போது கவனித்துப் பாருங்கள். தாடையைத் தலையணை மேலோ சோபா விளிம்பிலோ தூக்கி வைத்துத் தூங்குகிறதா? உட்கார்ந்தபடியே கண்ணை மூடி, தலை சாய்ந்ததும் திடுக்கென்று விழிக்கிறதா? பொம்மையை வாயில் கவ்விக்கொண்டே உறங்குகிறதா? "பொம்மைமேல் அவ்வளவு பாசம்" என்று சொல்வார்கள். வாய் திறந்திருந்தால்தான் மூச்சு வருகிறது என்பதும் காரணமாக இருக்கலாம். இப்படி எதையாவது பார்த்தால் வீடியோ எடுங்கள். ஆனால் அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரி மேஜையில் பதற்றமாக நிற்கும் நாயிடம் தெரியாத பல விஷயம் அந்த வீடியோவில் அவருக்குத் தெரியும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் இதற்கென்றே ஒரு சோதனை முறை வைத்திருக்கிறார்கள். நாயை 3 நிமிடம் வேகமாக நடக்கவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் ஸ்டெதஸ்கோப்பில் மூச்சைக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் போடுவார்கள். தேவைப்பட்டால் மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி, மெல்லண்ணத்தைக் குறைக்கும் ஆபரேஷன் உண்டு. "வயசானா பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் தவறு. வருடக்கணக்கில் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினால் குரல்வளையே வலுவிழந்து உள்வாங்கிவிடும். அதன் பிறகு சரிசெய்வது கடினம்.

சில நேரம் பக் கழுத்தை நீட்டி, கர் கர் என்று மூச்சை உள்ளே இழுக்கும். பார்க்கவே பயமாக இருக்கும். இது பெரும்பாலும் தலைகீழ்த் தும்மல்தான், ஒரு நிமிடத்துக்குள் தானே அடங்கிவிடும். ஈறும் நாக்கும் நீலமாக மாறினாலோ, நாய் சரிந்து விழுந்தாலோ கதை வேறு. உடனே கிளம்ப வேண்டும்.

கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டி இழுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் போதும். கழுத்தை இறுக்குவது மூச்சுக்கு மட்டுமல்ல, பிதுங்கி நிற்கும் கண்ணுக்கும் ஆபத்து.

வெயிலும் புழுக்கமும்

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்து, நாக்கிலும் மூக்குக்குள்ளும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைக் குறைக்கும். பக்குக்கு மூக்கே குட்டை. அதனால் இந்த வேலை அரைகுறையாகத்தான் நடக்கும். இதில் சென்னைப் புழுக்கமும் சேர்ந்தால் அந்த ஈரமும் எளிதில் ஆவியாகாது. எனவே வெயில் இல்லையே என்று சாயங்காலம் 5 மணிக்கு நடக்கக் கூட்டிப் போவதும் சரியில்லை. தார் ரோடு அப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். புறங்கையை ரோட்டில் வைத்து 7 விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயும் அதில் நடக்கக்கூடாது. சித்திரை, வைகாசியில் விடியற்காலை மட்டும் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். மற்ற விளையாட்டெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

ஏசி போட்டுவிட்டு, ஜன்னலையெல்லாம் சாத்தி, நாயைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போகும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கரண்ட் போனால் அந்த அறை என்ன ஆகும் என்று யோசியுங்கள். காற்று வர ஒரு வழியும், டைல்ஸ் தரையும், இரண்டு இடத்தில் தண்ணீரும் இருக்க வேண்டும். காருக்குள் விட்டுவிட்டு "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று கடைக்குப் போவது கூடவே கூடாது, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டாலும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 106-ஐத் தொட்டால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். நிற்காமல் இரைப்பு, கெட்டியான எச்சில், செங்கல் நிறத்தில் ஈறு, தள்ளாட்டம், வாந்தி இவையெல்லாம் வெப்பத் தாக்கின் அடையாளங்கள். அப்போது பலரும் ஈரத் துண்டால் நாயைச் சுற்றி வைக்கிறார்கள். அது வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். குழாய்த் தண்ணீரை உடம்பு மேல் தொடர்ந்து ஊற்றி, ஃபேன் காற்றில் வையுங்கள். வாய்க்குள் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். கொஞ்சம் குளிர்ந்ததும் ஏசி போட்ட வண்டியில் மருத்துவரிடம் கொண்டு போங்கள். எழுந்து நடந்தால்கூடக் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துக்கூடத் தெரியவரும்.

போகிப் புகையும் தீபாவளிப் புகையும் வரும் நாட்களில் ஜன்னலைச் சாத்தி உள்ளே வைத்திருங்கள். அன்று நடை வேண்டாம்.

ஆளுக்கு ஒரு பிஸ்கட்

பக்கின் எடையைப் பார்த்ததும் நல்ல டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுல எத்தனை பேர்ம்மா?"

"மாமியார், நான், அவர், ரெண்டு பசங்க, டாக்டர்."

"அப்ப ஆளுக்கு ஒரு பிஸ்கட்னாலும் அஞ்சாச்சு."

கணக்கு இதுதான். ஏறக்குறைய 7 கிலோ எடையுள்ள, அதிகம் ஓடியாடாத பக்குக்கு ஒரு நாளைக்குத் தேவை கிட்டத்தட்ட 400 கலோரி. ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. நாலு பிஸ்கட் கொடுத்தாலே அன்றைய சாப்பாட்டில் கால் பங்கு போய்விட்டது. நமக்குக் கால் பங்கு என்றால் கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. இதற்கு மேல் வழக்கமான சோறும் கிண்ணம் நிறைய வைக்கிறோம். பக் எப்போதும் பசிப்பது போலத்தான் பார்க்கும். அந்தப் பார்வையை நம்பிச் சோறு போட்டால் 12 கிலோவில்தான் போய் நிற்கும். பக் இனத்துக்கு பிரிட்டனில் வகுத்திருக்கும் தர அளவுப்படி அதன் எடை 6.3 முதல் 8.1 கிலோ வரைதான். கொழுப்பு வயிற்றில் மட்டும் ஏறுவதில்லை. தொண்டையைச் சுற்றியும் மார்பிலும் ஏறி, ஏற்கெனவே குறுகலான மூச்சு வழியை இன்னும் நெருக்கும். முட்டிக்கும் முதுகெலும்புக்கும் பாரம். மூச்சுத் திணறும் பல பக்குகளுக்கு முதல் மருந்தே எடையைக் குறைப்பதுதான்.

எடை மெஷின் இல்லாவிட்டாலும் பார்க்க ஒரு வழி உண்டு. கையை முஷ்டியாக மடக்கிக்கொள்ளுங்கள். இன்னொரு கை விரலால் விரல் மூட்டுகளைத் தடவினால் மேடு மேடாகத் தெரியும். நாயின் விலா அப்படித் தெரிந்தால் அது மெலிந்திருக்கிறது. இப்போது கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தட்டுப்படும். விலா அப்படி இருந்தால் சரியான எடை. உள்ளங்கைச் சதை போல அழுத்தினாலும் விலா கிடைக்கவில்லை என்றால் நாய் குண்டாகிவிட்டது. மாதம் ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள்.

தின்பண்டம் கொடுக்காமல் பாட்டிக்கு மனசு கேட்காது. சரி, காலையிலேயே அன்றைய உணவிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். வேகவைத்த கேரட், பீன்ஸ் துண்டுகளும் போடலாம். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் நிறைய இருக்கிறது. ஆகவே சாம்பார் சாதம், புளியோதரை, ரசம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். சாம்பாரில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட்டும், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி போட்ட சர்க்கரையில்லா சூயிங்கமும் விஷம். வீட்டில் இருக்கும் காய்ச்சல், வலி மாத்திரைகளை நாமாக உடைத்துக் கொடுக்கக்கூடாது.

கண்ணும் மடிப்பும்

பக்கின் கண் குழிக்குள் ஆழமாக உட்காராமல் வெளியே தள்ளி நிற்கிறது. செடியின் முள், மேஜை விளிம்பு, பூனையின் நகம் எது பட்டாலும் முதலில் அடிபடுவது கண்தான். ஒரு கண்ணை மட்டும் சுருக்குவது, தண்ணீர் வடிவது, கருவிழியில் நீலப் புகை படர்ந்தது போலத் தெரிவது எல்லாம் கருவிழிப் புண்ணாக இருக்கலாம். "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டால் ஒரே நாளில் ஆழமாகிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, போன வருடம் யாருக்கோ வாங்கி மிச்சமிருக்கும் சொட்டு மருந்தைப் போடுவது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆறாமல் கருவிழியில் ஓட்டையே விழலாம். டாக்டர் சாயம் விட்டுப் புண் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எந்தச் சொட்டு என்று முடிவாக வேண்டும். கண்ணின் உள்மூலையிலிருந்து பழுப்பாக ஒரு படலம் பரவினால் வயதானதால் என்று விட்டுவிடாதீர்கள். கண்ணீர் வற்றும் நோயாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம்.

மூக்குக்கு மேலே இருக்கும் மடிப்பைத் தினமும் திறந்து பார்க்க வேண்டும். நாயை மடியில் வைத்து, கட்டைவிரலால் மடிப்பை மெல்ல மேலே தள்ளுங்கள். ஆறவைத்த வெந்நீரில் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, கண் பக்கம் போகாமல் ஒரே திசையில் துடையுங்கள். பழுப்பாக அழுக்கு வரும். அடுத்து உலர்ந்த பஞ்சால் ஈரமே இல்லாமல் ஒற்றி எடுங்கள். பலரும் துடைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஈரத்தோடு விட்ட மடிப்பில் ஈஸ்ட் பூஞ்சை வளரும். புளித்த வாடை வந்தால் அதுதான். தேங்காய் எண்ணெய், மஞ்சள், பவுடர், வாசனைத் துடைப்பான் எதுவும் அங்கே வேண்டாம். வால் சுருளுக்கு அடியிலும் இதே போல ஒரு குழி இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் பார்ப்பதே இல்லை.

"ஒரு தடவையாவது குட்டி போடட்டும்"

பெண் பக் வைத்திருப்பவர்கள் ஆசையாகச் சொல்லும் வார்த்தை இது. பக் குட்டிகளுக்குத் தலை பெரிது, தாய்க்கு மூச்சு குறைவு. அதனால் பிரசவம் சிசேரியனில் போய் முடிவது சகஜம். மூச்சுப்பாதை குறுகலான நாய்க்கு மயக்க மருந்தில் கூடுதல் ஆபத்து உண்டு, குறிப்பாக மயக்கம் தெளியும் நேரத்தில். குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதான பிறகு கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் இருக்கிறது. அப்போது செய்யும் அவசர ஆபரேஷனைவிட, ஆரோக்கியமாக இருக்கும்போது திட்டமிட்டுச் செய்வது எவ்வளவோ பாதுகாப்பு. சப்பை மூக்கு நாய்களுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவரா, தெளியும்வரை கூடவே ஆள் இருப்பார்களா என்று கேட்டுவிட்டே தேதி வாங்குங்கள். கருத்தடைக்குப் பிறகு உடம்புக்குத் தேவையான கலோரி குறையும். பழைய அளவிலேயே சோறு வைத்தால் சில மாதங்களில் எடை ஏறும்.

புதிதாக பக் வாங்கப் போகிறவர்கள் குட்டியை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். தாயைக் காட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் நடக்கவிட்டு, அது மூச்சு விடும் சத்தத்தைக் கேளுங்கள். மூக்குத் துவாரம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். பழகி, வளர்ந்து, இப்போது "முடியவில்லை" என்று விடப்பட்ட பக்குகளும் நகரங்களில் நிறைய இருக்கின்றன. விலங்கு மீட்பு அமைப்புகளிடமும் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.