ஒதுக்கலும் ஒட்டுறவும்: கதையை எங்கிருந்து வாசிப்பது?

ஒதுக்கப்படுதலைப் பேசும் கதைகளைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டவரின் துயரத்திலிருந்தே தொடங்குகிறார்கள். அதை மட்டும் தொகுத்தால் கட்டுரை இரங்கற்பாவாகிவிடும். முதலில் உள்ளே இருப்பவர்களைக் கவனியுங்கள்: அவர்கள் எந்த விதிமுறையால் உள்ளே இருக்கிறார்கள், அந்த விதியை யாரேனும் வாய்விட்டுச் சொல்கிறார்களா என்று குறித்துக்கொண்டே வாசியுங்கள். நல்ல கதைகளில் அது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. யார் எங்கே அமர்கிறார், எந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதில்தான் தெரியவரும்.

1915இல் வெளியான காஃப்காவின் ‘உருமாற்றம்’ குறுநாவலில் இதைத் தெளிவாகக் காணலாம். பூச்சியாக மாறிவிட்ட கிரகோர் சாம்சாவுக்காக, ஒரு கட்டத்தில், மாலைதோறும் கூடத்துக் கதவு திறந்துவைக்கப்படுகிறது. தன் அறையின் இருட்டில் கிடந்தபடி, விளக்கடியில் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் குடும்பத்தாரை அவன் பார்க்கலாம், அவர்கள் பேசுவதைக் கேட்கலாம். அவர்கள் கண்ணில் அவன் படமாட்டான். இது பரிவா, ஒதுக்கலா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவசரப்படாதீர்கள். அதுவரை அவன் சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்தது என்பதையும் இதனருகே வைத்தால், அவனுக்கு அங்கிருந்த இடமே உழைப்புக்கு ஈடாகக் கிடைத்ததுதானோ என்ற ஐயம் எழும். அந்த ஐயத்தையே கட்டுரையின் மையமாக்கலாம்.

விதி எதுவென்று பிடிபடாதபோது, அது செல்லுபடியாகாத ஒருவரைக் கதைக்குள் தேடுங்கள். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ (1818) நாவலில், ஃபிராங்கென்ஸ்டைன் என்பவர் உருவாக்கிய, கோரத் தோற்றமுடைய, பெயரற்ற உயிரி சுவரின் இடுக்கு வழியாக ஒரு குடும்பத்தைக் கவனித்தே மொழி கற்கிறது. அவர்களுக்குத் தெரியாமல் விறகும் சேர்த்துத் தருகிறது. பார்வையற்ற முதியவர் அதனிடம் கனிவாகவே பேசுகிறார். உள்ளே நுழைந்த மகனோ கண்ட மாத்திரத்தில் தடியால் அடிக்கிறான். மொழியும் உதவியும் அங்கே செல்லாமல் போக, தோற்றமே விதியாக இருந்தது என்பதை அந்த முதியவர் ஒருவரால்தான் நம்மால் உறுதிப்படுத்த முடிகிறது.

கதைசொல்லி உள்ளே நிற்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்பதையும் ஒரு வரியிலாவது குறிப்பிடுங்கள். முடிவில் ஒருவர் ஏற்றுக்கொள்ளப்பட்டால், உடனே அதை மகிழ்ச்சியான முடிவு என்று எழுதிவிட வேண்டாம். விதி தளர்ந்ததா, அல்லது அவர்தான் தம்மில் எதையோ விட்டுக்கொடுத்தாரா என்பதற்குச் சான்றாகும் வரிகளைப் பிரதியிலிருந்தே எடுத்துக்காட்டுங்கள்.