ஒரு மிக்ஸர், ஒரு வயர்: ஃபீட்பேக்கில் இசை

மேடையில் மைக் திடீரென்று கீய்ங்ங் என்று கத்தினால் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வோம். நமக்கு வேண்டியதே அந்தச் சத்தம்தான். ஸ்பீக்கரில் வருவதை மைக் மறுபடி வாங்க, அது சுற்றச் சுற்றப் பெருகி ஏதோ ஒரு சுருதியில் போய் நிற்கிறது. இதுதான் ஃபீட்பேக். மைக்கே இல்லாமல், பல ஒலிகளைக் கலக்கும் பெட்டியான மிக்ஸருக்குள்ளேயே இந்தச் சுற்றை உண்டாக்கலாம். ஜப்பானியக் கலைஞர் தோஷிமாரு நகமுரா 1990களிலிருந்து இப்படித்தான் வாசித்து வருகிறார்.

முதலில் காது. ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம், சத்தம் எப்போது எகிறும் என்று சொல்ல முடியாது. மெயின் அவுட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கரைச் செருகி, வால்யூமை நன்றாகக் குறைத்து வையுங்கள். ஃபேண்டம் பவர் (மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் வசதி) அணைந்திருக்கட்டும். கெய்ன் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் குமிழ்), ஆக்ஸ் (ஒலியில் கொஞ்சத்தைத் தனி வழியில் வெளியே அனுப்பும் குமிழ்), ஃபேடர் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபிடி) எல்லாம் பூஜ்யத்தில். பாஸ், ட்ரெபிள் குமிழ்கள் நடுவில்.

இப்போது ஆக்ஸ் ஒலி வெளியே வரும் துளையான ஆக்ஸ் சென்டிலிருந்து முதல் சேனலின் (ஒரு ஒலிக்கு உரிய குமிழ் வரிசை) லைன் இன்புட்டுக்கு ஒரு வயர். இணைப்பு அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரை மட்டும் எந்த இன்புட்டிலும் செருகிவிடாதீர்கள், மிக்ஸர் பாழாகிவிடும்.

சேனல் ஃபேடரையும் மெயினையும் பாதிவரை ஏற்றிவிட்டு, ஆக்ஸ் குமிழை மெல்லத் திருப்புங்கள். ஒன்றும் கேட்காது. கெய்னைக் கொஞ்சம் கூட்டுங்கள். முதல் நாள் இருபது நிமிடம் இப்படியே திருகிக்கொண்டிருந்தேன்; ஆக்ஸ் மாஸ்டர் என்று தனியாக ஒரு குமிழ் இருப்பதையே கவனிக்கவில்லை! அதையும் திறந்தால், ஓரிடத்தில் மெல்லிய ரீங்காரம் தொடங்கும்.

அங்கேயே நில்லுங்கள். மேலே போனால் வெறும் அலறல், கீழே வந்தால் மௌனம். இசையெல்லாம் இந்த மயிரிழை இடைவெளியில்தான் இருக்கிறது. ட்ரெபிளைக் கூட்டினால் விசில். அதைக் குறைத்து பாஸை ஏற்றினால் அடித்தொண்டை உறுமல். மிட் குமிழைத் திருப்பும்போது சுருதி வழுக்கிக்கொண்டு போகாமல் சட்டென்று தாவும். சில இடங்களில் இரண்டு சுருதிகள் முட்டிக்கொண்டு பட்பட்டென்று தாளம்கூட வரும். பிடித்த இடத்தைப் பென்சிலால் குறித்து வைக்கலாம். ஆனால் நாளைக்கு அதே இடத்தில் அதே சத்தம் வரும் என்று நம்ப வேண்டாம்.

கை பழகியதும் இரண்டாவது ஆக்ஸை இரண்டாவது சேனலில் செருகி, இதேபோல் இன்னொரு சுற்றை உண்டாக்குங்கள். அப்புறம் முதல் சேனலை இரண்டாவது ஆக்ஸுக்கும் கொஞ்சம் அனுப்பினால், ஒரு குமிழைத் தொட்டாலே மற்றச் சுற்றும் குரல் மாறும். டிலே பெடல் (சத்தத்தைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் கருவி) இருந்தால் வயருக்கு நடுவில் வையுங்கள்.

மிக்ஸர் இல்லையா? இரண்டு போன்களில் ஒன்றை மற்றொன்றுக்கு அழைத்து, இரண்டையும் ஸ்பீக்கரில் போட்டு அருகருகே வையுங்கள். போன் அந்த ஊளையை அடக்கப் பார்க்கும், அது திமிறிக்கொண்டு வரும். குமிழே தேவையில்லை, நடுவே உள்ளங்கையை வைத்து எடுத்தாலே சத்தம் மாறும்.