பாம்பு கடித்தால், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை செய்யக்கூடாதவை

பாம்பு கடித்துவிட்டது என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது கயிற்றைத்தான். துண்டு, சைக்கிள் டியூப் என்று கிடைத்ததைக் கொண்டு இறுக்கிக் கட்டிவிடுகிறோம். கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்த கால் தானாகவே வீங்கும். அதன்மேல் கட்டும் விழுந்தால் ரத்த ஓட்டம் நின்று சதை அழுகிப்போகும். விஷத்துக்குத் தப்பியவர் காலை இழப்பது இப்படித்தான். ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்காதீர்கள், தேங்கிய விஷம் மொத்தமாக உடம்பில் ஏறும். டாக்டர் முன்னால் அவிழ்க்கட்டும். பிளேடால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டவே வேண்டாம்.

எனக்கு மிகவும் பயம் கட்டுவிரியனிடம்தான். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை நடுராத்திரியில் கடிக்கும். வலி இருக்காது, பல் தடமும் பெரும்பாலும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார். வாயுப்பிடிப்பு என்று நினைத்து ஓமத்தண்ணி கொடுத்துப் படுக்க வைத்துவிடுவோம். அந்த நேரம் கண் இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று பாருங்கள். அடுத்து முடங்குவது மூச்சுவிடும் தசைகள். 108 வண்டியில் வருகிற ஊழியர் பையை அழுத்தி மூச்சு கொடுத்துக்கொண்டே கொண்டுபோக முடியும், பைக்கில் நடுவே உட்கார வைத்தால் அதற்கு வழியே இல்லை. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நடக்க விடாதீர்கள்.

பாம்பை அடித்து எடுத்துப்போகவும் வேண்டாம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாராகிறது. வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் விஷம்தான் பெரும்பாலும் அதற்கு மூலப்பொருள். அடித்த பாம்பைத் தொடவும் வேண்டாம், வெட்டுண்ட தலைகூடக் கடிக்கும்.

மந்திரிக்கப் போவதில்தான் பொன்னான நேரம் கரைகிறது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்கே வராமல் வீட்டில் இறந்தவர் அந்தக் கணக்கில் எப்படி வருவார்? பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம் என்பதும் இதே தவறுதான். மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும்.

கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீக்கம் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். வண்டியில் வருகிறவர் முதலில் கேட்பதே அதைத்தான்.